ஓர் இடம், மூன்று கோப்புகள்: ஊட்டியில் நடந்த ஒரு பி.எச்டி. தேர்வு

முடிவை எடுத்து இருபது நிமிடம் ஆன பிறகுதான் நாங்கள் மதிப்பெண் போட்டோம். இந்த நிகழ்வை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். யாரும் காசு வாங்கவில்லை. சிபாரிசுக் கடிதம் எதுவும் வரவில்லை. குழுவில் இருந்த ஐந்து பேரும் அவரவர் வகுப்பறையில் நியாயமானவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். அப்படியிருந்தும் மேசைமேல் இருந்த தாளில் என்ன எழுதப்பட்டதோ அதற்கும், அந்த அறையில் உண்மையில் என்ன நடந்ததோ அதற்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

நான் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அன்று வெளி நிபுணராகக் கூப்பிட்டிருந்தார்கள். கல்லூரியின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. விண்ணப்பித்தவர்களை அவரவர் ஊரை வைத்தே குறிப்பிடுகிறேன்.

எதற்கான இடம் அது

நீலகிரி மலையில் இருக்கும் ஒரு கல்லூரி. பட்டம் தருவது சமவெளியில் உள்ள பல்கலைக்கழகம், கல்லூரிக்கு ஆய்வு மையம் என்ற அங்கீகாரம் மட்டும். துறை சுற்றுச்சூழல் அறிவியல். அங்கே இணைப் பேராசிரியராக இருக்கும் நெறியாளருக்கு மூன்றாண்டுத் திட்டம் ஒன்று கிடைத்திருந்தது. சீகை (வாட்டில்) மரங்களை வெட்டி அகற்றிய இடங்களில் பழைய புல்வெளி திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த மலைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) இங்கே பிறந்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் சுதந்திரத்துக்குப் பின்னும் நட்டுக்கொண்டே போனோம். சோலைக்காட்டுக்கு இடையே இருந்த புல்வெளிதான் அதற்கு இரையானது. 'சும்மா கிடக்கிற நிலம்' என்று நினைத்துவிட்டார்கள். அந்தப் புல்வெளிதான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விட்டுக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் உறைத்தது.

சரி, இடத்துக்கு வருவோம். திட்டத்தில் ஓர் ஆய்வாளருக்கு மாதம் 25,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் ஒதுக்கியிருந்தார்கள். அவரே பி.எச்டி.க்கும் பதிவு செய்துகொள்ளலாம். பணம் இருந்தது. ஆனால் நெறியாளரிடம் காலியிடம் ஒன்றே ஒன்றுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் நெறியாளராக இருக்க முடியும். இவரிடம் ஏற்கெனவே ஐந்து பேர்.

உதவித்தொகையோடு கூடிய ஆய்வு இடம் என்று வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பொருளாகத் தெரியும். உள்ளே அது இரண்டு பொருள்: பணம், நாற்காலி. இரண்டையும் கொடுப்பவர்கள் வேறு வேறு. இரண்டும் ஒரே நாளில் ஒருவருக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மூன்று பேர்

கூடலூர்க்காரர் 2022இல் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கியவர். மாதம் 37,000 ரூபாய் அவர் கூடவே வரும். இரண்டு ஆண்டு கழித்து, பணி திருப்தியாக இருந்தால், 42,000. 2023 ஜனவரி முதல் இதுதான் அளவு. ஆக, திட்டப் பணம் அவருக்குத் தேவையே இல்லை. ஆனால் ஜே.ஆர்.எஃப். கடிதத்துக்கு ஆயுள் மூன்று ஆண்டு. அதற்குள் எங்காவது பதிவு செய்தாக வேண்டும். அவருடைய கடிதம் தேர்வு நடந்த 2025ஆம் ஆண்டு இறுதியில் செத்துவிடும். ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டே நெறியாளர் தேடி அலைந்தவர். எழுதி வந்திருந்த முன்வரைவு ஓடைகளின் நீர்த் தரம் பற்றியது. புல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

திண்டுக்கல்காரர் முதுகலையில் மூவரிலும் அதிக மதிப்பெண். ஒரு கட்டுரையில் இணை ஆசிரியர். செயற்கைக்கோள் படங்களை வைத்து முப்பது ஆண்டு நில மாற்றத்தை வரைவது, முகூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் மாதிரிக் கட்டங்கள் போட்டுச் சரிபார்ப்பது என்பது அவருடைய திட்டம். வண்ண வரைபடங்களோடு வந்திருந்தார்.

மூன்றாமவர் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியை, அதாவது படுகர் ஊரை, சேர்ந்த பெண். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. பசுந்தேயிலை விலை விழுந்த மாதங்களில் வீட்டில் என்ன நடக்கும் என்பதை இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதுகலை முடித்து இரண்டு ஆண்டு, சீகை அகற்றிய நிலங்களில் புல் நடும் ஒரு தொண்டு அமைப்பில் களப் பணியாளராக இருந்தார். அவர் முதலில் நெட் எழுதியது 2024 ஜூன் 18. கோத்தகிரியிலிருந்து முதல் நாளே இறங்கி, கோவையில் சித்தி வீட்டில் தங்கி எழுதிவிட்டு, மறுநாள் மலையேறும் பஸ்ஸில் இருக்கும்போதே தேர்வு ரத்து என்று போனில் செய்தி. நாடு முழுவதும் ஒன்பது லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வு அது. ஆகஸ்ட் கடைசியில் மறுபடி இறங்கி மறுபடி எழுதினார். அக்டோபரில் முடிவு வந்தபோது 'பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டும்' என்ற பிரிவில் தகுதி.

நான்காவதாக ஒரு கோப்பு இருந்திருக்கலாம். பந்தலூர்ப் பக்கத்து இருளர் மாணவர் ஒருவர் விசாரித்துவிட்டுப் போனார் என்று நெறியாளர் சொன்னார். மத்திய பழங்குடியினர் நலத்துறை ஆண்டுக்கு 750 பேருக்கு ஆய்வு உதவித்தொகை தருகிறது. அதற்கு நெட் வேண்டாம், முதுகலை மதிப்பெண்ணே போதும். ஆனால் பி.எச்டி.யில் சேர்ந்திருக்க வேண்டும். சேர நுழைவுத் தேர்வு வேண்டும். அந்த ஆண்டு பல்கலைக்கழகம் தன் சொந்த நுழைவுத் தேர்வை நிறுத்திவிட்டு நெட் மதிப்பெண்ணை மட்டும் ஏற்றுக்கொண்டது. ஆக, நெட் கேட்காத உதவித்தொகையை வாங்க நெட் வேண்டும். அந்தப் பையன் விண்ணப்பமே போடவில்லை. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்தவை என்று அரசு பட்டியலிட்டிருக்கும் ஆறு பழங்குடிகளும் இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். எங்கள் கதவு எப்படித் திறக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இரண்டு அளவுகோல்

2024 மார்ச்சில் மானியக் குழு நெட் தேர்வை மூன்று தகுதிகளாகப் பிரித்தது. முதல் பிரிவு ஜே.ஆர்.எஃப். இரண்டாவது, உதவிப் பேராசிரியர் தகுதியும் பி.எச்டி. சேர்க்கையும். மூன்றாவது, பி.எச்டி. சேர்க்கை மட்டும். முதல் பிரிவினருக்கு நேர்முகத் தேர்வு மட்டுமே. மற்ற இரண்டு பிரிவினருக்கும் நெட் மதிப்பெண்ணுக்கு 70 பங்கு, நேர்முகத்துக்கு 30 பங்கு. இவர்களுடைய மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும்.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு விதியும் சரியானவை. ஒரே நாற்காலிக்கு இரண்டு வகை ஆட்களும் வந்தால்தான் சிக்கல். அன்று எங்கள் கையில் இருந்த எண்களைச் சொல்கிறேன். 300க்கு திண்டுக்கல்காரர் 174, கோத்தகிரிக்காரர் 165. அதாவது 58 விழுக்காடு, 55 விழுக்காடு. 70 பங்குக்குச் சுருக்கினால் 40.6, 38.5. இந்த இடத்திலேயே பத்து நிமிடம் போனது. நெட் முடிவில் மதிப்பெண்ணும் வருகிறது, எழுதியவர்களில் எத்தனை விழுக்காடு பேரைவிட முன்னே என்று சொல்லும் பெர்சென்டைலும் வருகிறது. எதை எடுப்பது? துறைத் தலைவர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். 'போன தடவை மார்க்கைத்தான் எடுத்தோம் சார்' என்றார்கள். அதோடு முடிந்தது.

நேர்முகத்தில் சராசரி 30க்கு திண்டுக்கல்காரருக்கு 21, கோத்தகிரிக்காரருக்கு 16. கூட்டினால் 61.6, 54.5. இருவருக்கும் இடையே உள்ள 7.1 வித்தியாசத்தில் தேர்வு தந்தது 2.1 மட்டும். மீதி ஐந்தும் பத்துப் பதினைந்து நிமிடப் பேச்சில் வந்தவை. காகிதத்தில் தேர்வுக்குத்தான் 70 பங்கு. ஆனால் நெட்டில் தேறி வருபவர்கள் எல்லாரும் ஒரே உயரத்தில் நெருங்கி நிற்பவர்கள். அந்த 70 பங்கு ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது. நேர்முகத்தில் நாங்கள் 12 போடுவோம், 27 போடுவோம். மாறுகிற எண்தான் முடிவு செய்யும். குழுவில் கணக்கு தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். ஒருவரும் இதை வாய் திறந்து சொல்லவில்லை. எனக்கே வீட்டுக்கு வந்து தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் தெளிவானது.

கூடலூர்க்காரருக்கு 30க்கு 24. நூற்றுக்கு மாற்றினால் 80. அவருடைய 80ஐயும் மற்றவர்களின் 61.6, 54.5ஐயும் ஒரே பட்டியலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினோம். லிட்டரையும் கிலோவையும் அடுக்கிவைத்து எது பெரியது என்று கேட்டது போல.

அந்த முற்பகல்

2025 பிப்ரவரி. காலையில் விளையாட்டு மைதானம் முழுக்க உறைபனி. வந்தவர்களை ஹீட்டர் இல்லாத நடைக்கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். எங்களுக்கு டீயும் வர்க்கியும் வந்தன. அவர்களுக்கும் கொடுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றியது கடைசி ஆள் உள்ளே வந்த பிறகு.

கூடலூர்க்காரர் தெளிவாகப் பேசினார். வகுப்பெடுத்துப் பழகியவர், அது தெரிந்தது. புல்வெளித் திட்டத்தில் வேலை செய்வீர்களா என்று நெறியாளர் கேட்டார். 'நிச்சயமா சார்' என்றார். வேறென்ன சொல்வார்? அடுத்து யாரோ, 'உங்க ஜே.ஆர்.எஃப். எப்போ முடியுது?' என்று கேட்டார்கள். அவர் தேதியைச் சொன்னதும் அறையில் ஒரு 'அடடா' வந்தது. தேர்வு முடிந்தது அந்த இடத்தில்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

திண்டுக்கல்காரரின் படங்கள் அழகாக இருந்தன. முகூர்த்திக்குள் கட்டம் போட வேண்டுமானால் சென்னையில் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். மூன்றாண்டு உதவித்தொகையில் எத்தனை மாதம் அதற்குப் போகும் என்பது முக்கியமான கேள்வி. ஐந்து பேரில் ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

கோத்தகிரிக்காரர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். மூன்றாவது ஸ்லைடில் திணறினார். 'தமிழ்லயே சொல்லும்மா' என்றேன். தலைவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்தப் பெண் பேசியது வேறு தரம். சீகையை வெட்டினால் வேலை முடியாது, அடுத்த மழைக்கே கன்றுகள் பாய் விரித்தது போல் முளைக்கும், ஏனென்றால் விதை மண்ணுக்குள் பல ஆண்டு உயிரோடு கிடக்கும், தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும் என்றார். எந்தெந்த நிலத்தில் ஒரு மீட்டர் கட்டத்துக்குள் எத்தனை கன்று என்று எண்ணியிருந்தார். அந்த நோட்டுப் புத்தகம் கையில் இருந்தது. ஓரமெல்லாம் மழையில் நனைந்து உப்பியிருந்தது. இந்த மலைக்கே உரிய புல் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டேன். தோடர்கள் தங்கள் கோயில் கூரை வேய எடுக்கும் சதுப்பு நிலப் புல்லைச் சொன்னார். எரியோக்ரைசிஸ் ரங்காசாரியை என்று அறிவியல் பெயரையும் சேர்த்துச் சொன்னார். அந்தச் சதுப்புகள் சுருங்கிவிட்டதால் இப்போது புல்லுக்கு எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதையும் சொன்னார்.

எங்கள் மதிப்பெண் தாளில் மூன்று கட்டம்: பாட அறிவு 10, முன்வரைவு 10, எடுத்துரைக்கும் திறன் 10. அந்த நோட்டுப் புத்தகத்துக்குக் கட்டம் இல்லை. மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறையில், நேர்முகத்தில் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்: இவரால் இந்த ஆய்வைச் செய்ய முடியுமா, இந்த நிறுவனத்தில் அதைச் செய்ய முடியுமா, புதிதாக ஏதாவது தெரிய வருமா. எளிமையான, நல்ல கேள்விகள். அந்தத் தாளைத் தயாரித்தவர் இவற்றை எடுத்துவிட்டு எடுத்துரைக்கும் திறனை ஏன் வைத்தார் என்பது புரியவில்லை. பல ஆண்டுகளாக அதே தாள்தான் ஜெராக்ஸ் ஆகிறது.

மூவரும் போன பிறகு பேசினோம். 'பாவம், அந்தப் பையனோட ஜே.ஆர்.எஃப். வீணாப் போயிடும்' என்றார் ஒருவர். 'நாக் குழு வந்தா ஜே.ஆர்.எஃப். எத்தனை பேர்னு கேப்பாங்க' என்றார் இன்னொருவர். கல்லூரிகளுக்குத் தரம் போடும் குழு அது. நெறியாளர் தயங்கினார். அவருக்கு வேண்டியது புல் தெரிந்த ஆள். ஆனால் துறைத் தலைவருக்கு எதிராகப் பேசும் இடத்தில் அவர் இல்லை. நான் கோத்தகிரிக்காரருக்காக இரண்டு வாக்கியம் பேசினேன். மூன்றாவது வாக்கியம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஒரு பையனின் மூன்றாண்டுக் காத்திருப்பு என் மனத்தையும் இளக்கியிருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

கூடலூர்க்காரர் என்று முடிவானது. அதன் பிறகு தாள்களை எடுத்தோம். அவருக்கு 25 போட்டேன். கோத்தகிரிப் பெண்ணுக்கு என் கையால் 17. முடிவோடு ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. கை தானாகப் போட்டது. மேலே நான் சொன்ன சராசரிகள் இப்படிப் பிறந்தவைதான்.

சூப்பரண்டு சொன்னது

இரண்டு வாரம் கழித்து வேறு வேலையாக அந்தக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். கண்காணிப்பாளர் கோப்பைக் கட்டிக்கொண்டே, 'ரெண்டு பேரையும் எடுத்திருக்கலாமே சார்' என்றார். கூடலூர்க்காரர் தன் பணத்தோடு வருகிறார், திட்டப் பணம் அப்படியே இருக்கிறது. தாவரவியல் துறையில் ஓர் உதவிப் பேராசிரியரிடம் நான்கில் ஓர் இடம் காலி. அவர் நெறியாளர், திட்டத்தை நடத்துபவர் இணை நெறியாளர் என்று பதிவு செய்ய விதிமுறையில் வழி உண்டு. ஐந்து முனைவர்கள் சேர்ந்து யோசிக்காததை அவர் நூல்கண்டை அறுத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

ஆனால் அப்போது நேரம் கடந்துவிட்டது. எத்தனை இடம் என்று முன்கூட்டி அறிவித்த பிறகுதான் சேர்க்க முடியும். தாவரவியல் இடம் அந்த அறிவிப்பில் இல்லை.

மார்ச்சில் கூடலூர்க்காரர் சேர்ந்தார். ஓடைகளைத்தான் ஆராய்கிறார். தன் உதவித்தொகையில் வந்தவரைத் திட்ட வேலைக்குக் கட்டாயப்படுத்த நெறியாளருக்கு உரிமை இல்லை, அவரும் கட்டாயப்படுத்தவில்லை. நல்ல மாணவர் என்று கேள்வி. அவர்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. திண்டுக்கல்காரருக்கு மூன்று மாதத்தில் வெளி மாநிலத்தில் ஒரு நிறுவனத்தில் இடம் கிடைத்தது. புல்வெளித் திட்டத்துக்கு ஆள் இல்லாமல், அதே 25,000 ரூபாய்க்கு, பி.எச்டி. பதிவு இல்லாத திட்டப் பணியாளராகக் கோத்தகிரிப் பெண்ணையே கூப்பிட்டார்கள். வந்தார்.

அடுத்த சேர்க்கை ஜூலையில் என்றார்கள், நவம்பருக்குத் தள்ளிப் போனது. அக்டோபரோடு அவருடைய நெட் மதிப்பெண் காலாவதி. நல்லவேளையாக, கண்காணிப்பாளர் முன்பே எச்சரித்திருந்ததால் 2025 ஜூனில் இன்னொரு தடவை எழுதி வைத்திருந்தார். கோவைக்கு மூன்றாவது பயணம்.

நவம்பர்

மறுபடியும் என்னைக் கூப்பிட்டார்கள். போவதற்கு முன் துறைத் தலைவருக்குச் சில விஷயங்கள் எழுதினேன். ஒவ்வொருவரும் வெளியே போனதும், யாரும் வாய் திறப்பதற்கு முன், மதிப்பெண் போட்டு மடித்து வைத்துவிட வேண்டும். சொந்த உதவித்தொகையோடு வருபவர்களுக்கு எத்தனை இடம், திட்டப் பணத்துக்கு எத்தனை இடம் என்று அறிவிப்பிலேயே பிரித்துப் போட வேண்டும். களத்துக்கு அனுமதி வேண்டுமா, எவ்வளவு நாள் ஆகும் என்று எல்லாரையும் கேட்க வேண்டும், அதற்கு மதிப்பெண் வேண்டும். எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதற்கு வேண்டாம்.

தலைவர் போனில் பேசினார். 'எல்லாத்தையும் கட்டம் போட்டு நிரப்பிட்டா அப்புறம் குழு எதுக்கு? ஆளைப் பாத்து எடை போடத்தானே அஞ்சு பேர் உக்காரறோம்?' அவர் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அந்த நோட்டுப் புத்தகத்தின் மதிப்பு எந்தக் கட்டத்திலும் அடங்கியிருக்காது, ஆளைப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் பிப்ரவரியில் நாங்கள் ஆளைப் பார்க்கவில்லை, காலாவதித் தேதியைப் பார்த்தோம். அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. முதல் விஷயத்தை ஒப்புக்கொண்டார். இட ஒதுக்கீட்டுச் சுழற்சியோடு மோதும் என்பதால் இரண்டாவதற்குப் பல்கலைக்கழகத்தைக் கேட்க வேண்டும் என்றார், அதுவும் உண்மைதான். மொழி பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இந்தத் தடவை நடைக்கூடத்திலும் டீ கொடுத்தார்கள். கோத்தகிரிப் பெண் தமிழிலேயே ஆரம்பித்தார். பிப்ரவரியில் நான்கு நிலத்தின் கணக்கு வைத்திருந்தவரிடம் இப்போது பதினொன்று. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் எண்ணியிருந்தார். கன்றுகளை இரண்டு முறை பிடுங்கிய நிலத்துக்கும் ஒரே முறை பிடுங்கிய நிலத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலகையில் வரைந்தார். மடித்து வைத்த ஐந்து தாளையும் பிரித்தபோது அவருடைய குறைந்த மதிப்பெண் 19, அதிகம் 28. ஐந்து பேர் ஐந்து விதமாகத்தான் பார்த்திருக்கிறோம். பிப்ரவரித் தாள்களில் ஐந்து பேரும் ஒன்றிரண்டு மதிப்பெண் வித்தியாசத்துக்குள் அடங்கியிருந்தோம்.

தாவரவியல் துறையில் பதிவு, இணை நெறியாளர் ஏற்பாட்டோடு. திட்டத்தில் மிச்சம் இருப்பது இரண்டு ஆண்டும் சில மாதங்களும். பி.எச்டி.க்குக் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு. கடைசி ஆண்டுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று நெறியாளரிடம் கேட்டேன். திட்டத்தை நீட்டிக்கச் சொல்லி எழுதியிருப்பதாகச் சொன்னார். பதில் வரவில்லை.